மானிட்டரில் ‘நோ சிக்னல்’: பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வருகிறதா? அப்படியென்றால் மானிட்டர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மின்சாரம் வந்திருக்கிறது, பின்விளக்கு எரிகிறது, திரை எழுத்தைக் காட்டுகிறது. தனக்குப் படம் வந்து சேரவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நல்ல மானிட்டரை ஆட்டோவில் ஏற்றி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெருப் பக்கம் துறைமுகச் சரக்கு கிளியரன்ஸ் பார்க்கும் அலுவலகங்களில் ஒரு மேசைக்கு இரண்டு மானிட்டர் இருப்பது சகஜம். ஒன்றில் சுங்கத்துறைத் தளம், இன்னொன்றில் இன்வாய்ஸ். காலையில் கூட்டிப் பெருக்கும்போது சிபியு கொஞ்சம் நகர்ந்திருக்கும், இரண்டாவது திரை இருண்டுவிடும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடை பில்லிங் மேசையிலும், ஆண்டர்சன் தெரு டிடிபி கடையிலும், பெரம்பூரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரிடமும் இதே கதைதான். காரணங்களும் அநேகமாக அதே நாலைந்துதான். எங்கே அறுந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கத் தெரிந்தால் போதும். பாதிக்கு மேல் காசு செலவில்லாமல் சரியாகிவிடும்.

(கேபினெட்டை நம்மூரில் சிபியு என்கிறோம். உள்ளே இருக்கும் பிராசசருக்குத்தான் அந்தப் பெயர் சொந்தம், ஆனாலும் இங்கே ஊர் வழக்கையே வைத்துக்கொள்வோம்.)

கேபிளுக்குள் நடக்கும் பேச்சு

சென்ட்ரலுக்குப் போகும் ரயில் பேசின் பிரிட்ஜில் நிற்பது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. உள்ளே பிளாட்பாரம் தயார் என்றால்தான் சிக்னல் விழும். அதுவரை எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி நகராது. கம்ப்யூட்டரும் இப்படித்தான். எதிரே மானிட்டர் இருக்கிறது என்று தெரியாதவரை படத்தை அனுப்பாது.

எச்டிஎம்ஐ கேபிளை எடுத்துக்கொள்வோம். அதில் 19 பின்கள். 18-வது பின்னில் கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுக்கிறது. அது கிடைத்ததும் மானிட்டர் 19-வது பின் வழியாக ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்கிறது. பிறகு 15, 16-வது பின்கள் வழியாகக் கம்ப்யூட்டர் மானிட்டரின் ஜாதகத்தைப் படிக்கிறது. ஈடிஐடி என்பது அதன் பெயர். 128 பைட் கொண்ட சின்ன அட்டவணை. புதிய மானிட்டர்களில் 256 பைட் அல்லது அதற்கும் மேல். என்ன மாடல், எந்தெந்த ரெசல்யூஷன் தாங்கும், நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கலாம் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்த பிறகே, படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு பொருத்தமான அளவில் படத்தை அனுப்பும்.

இது புரிந்துவிட்டால் பல மர்மங்கள் விலகும். படம் சுமக்கும் கம்பிகள் எல்லாம் நன்றாக இருந்தும், 19-வது பின் மட்டும் தொடவில்லை என்றால் திரை இருட்டுத்தான். விஜிஏ கேபிளில் ஜாதகக் கம்பி மட்டும் அறுந்தால் வேறு மாதிரி நடக்கும்: படம் வரும், ஆனால் மானிட்டரின் பெயர் தெரியாமல் ‘ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்’ என்று காட்டும், ரெசல்யூஷன் பெரும்பாலும் 1024×768 போன்ற குறைந்த அளவிலேயே நிற்கும். டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது தீராது, கேபிளை மாற்றினால் தீரும். இன்னொன்று: மானிட்டரை முதலில் ஆன் செய்து, ஐந்து நொடி கழித்து சிபியுவை ஆன் செய்யுங்கள். சில மதர்போர்டுகள் எழும் அந்த முதல் நொடிகளில் யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்கு மட்டும்தான் படம் அனுப்பும்.

முதல் ஐந்து நிமிடம்

ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் செய்ய வேண்டியவை இவை. வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே மூச்சில் மாற்றிவிட்டால், எது பிரச்சினை என்றும் தெரியாது, எது புதிதாகக் கெட்டது என்றும் தெரியாது.

மானிட்டரின் பவர் விளக்கைப் பாருங்கள். விளக்கே இல்லையென்றால் பிளக், ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர். மானிட்டரின் பின்பக்கம் செருகும் பவர் கார்டு அரைகுறையாக நிற்பது மிக அதிகம். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். தனி அடாப்டரில் ஓடும் மானிட்டராக இருந்தால், பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட்டா 19 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுத்தான் வேறு அடாப்டரைச் செருக வேண்டும். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் மானிட்டரில் லேப்டாப்பின் 19 வோல்ட்டைச் செருகினால் உள்ளே போர்டு போய்விடும்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறது அல்லது மெதுவாக இமைக்கிறது என்றால் மானிட்டர் தூங்குகிறது. அதாவது படத்துக்காகக் காத்திருக்கிறது. இப்போது பட கேபிளை மானிட்டரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, மானிட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ‘நோ கேபிள்’, ‘செக் சிக்னல் கேபிள்’ என்று ஏதாவது எழுத்து வந்தால் மானிட்டர் பிழைத்தது.

எழுத்தே வரவில்லை, ஆனால் விளக்கு எரிகிறது என்றால் அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை மானிட்டர் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படமோ எழுத்தோ தெரிந்தால் பின்விளக்கு போயிருக்கிறது. பழைய மானிட்டர்களில் ஆன் செய்ததும் இரண்டு நொடி படம் வந்து பட்டென்று இருண்டுவிடுவது இந்த வகைதான். அதற்கு மானிட்டரைத் திறக்க வேண்டும். உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

அடுத்தது இன்புட். மானிட்டரின் மெனு பொத்தானில் ‘இன்புட்’ அல்லது ‘சோர்ஸ்’ என்று இருக்கும். கேபிள் எச்டிஎம்ஐயில் இருக்க, மெனு விஜிஏவில் நின்றால் படம் வராது. ‘ஆட்டோ’ என்று வைத்திருந்தாலும் நம்ப வேண்டாம். சில மானிட்டர்கள் ஒவ்வொரு இன்புட்டாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே தூங்கப் போய்விடும். எந்த ஓட்டையில் செருகியிருக்கிறீர்களோ அதையே கையால் தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று இரண்டு இருந்தால் எண்ணையும் பாருங்கள்.

இப்போது கீபோர்டு. கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. இந்த ஒரு சோதனை, பார்க்க வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். ஓடிக்கொண்டிருந்தால் வின்டோஸ் பொத்தான், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாக எழும். ஒரு ‘பீப்’ கேட்கும், திரை ஒரு முறை இமைக்கும். திறந்திருக்கும் கோப்பு எதுவும் மூடாது. அதற்கும் வரவில்லையென்றால் வின்டோஸ் பொத்தானோடு இன்னொரு பி (P). இது எந்தத் திரைக்குப் படம் போக வேண்டும் என்ற தேர்வு. ‘பிசி ஸ்கிரீன் ஒன்லி’ என்று யாரோ தெரியாமல் மாற்றியிருந்தால் இரண்டாவது மானிட்டர் சாகும் வரை ‘நோ சிக்னல்’ என்றே சொல்லும். ‘எக்ஸ்டென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, முழு மின் துண்டிப்பு. சிபியு, மானிட்டர் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். மானிட்டரின் பவர் பொத்தானை மட்டும் அணைத்தால் அதன் உள்போர்டு தூக்கத்திலேயே இருக்கும். சிக்கிக்கொண்ட நிலை அப்படியே இருக்கும். வின்டோஸ் ‘ஷட் டவுன்’ செய்வதும் முழு அணைப்பு இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் டிரைவரின் நிலை சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வரும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

சிபியுவின் முதுகு

படம் வராததற்கு வடசென்னை மட்டுமல்ல, எங்கேயும் அடிக்கடி வரும் காரணம் தவறான ஓட்டை. சிபியுவின் பின்பக்கம் இரண்டு இடங்களில் பட ஓட்டைகள் இருக்கலாம். மேலே, யுஎஸ்பி, கீபோர்டு, லேன் ஓட்டைகளோடு சேர்ந்து செங்குத்தாக இருப்பவை மதர்போர்டுக்குச் சொந்தம். கீழே தனியாக, கிடையாகப் படுத்திருக்கும் தகட்டில் இருப்பவை கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தம். தனி கார்டு போட்டிருந்தால் கேபிள் கீழேதான் போக வேண்டும். பல மதர்போர்டுகள் கார்டைக் கண்டதும் மேலே உள்ள ஓட்டைகளை அணைத்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டுமா? பயாஸில் (வின்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸில்) ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பது போன்ற ஒரு தேர்வு இருக்கும், அதை ‘எனேபிள்ட்’ ஆக்க வேண்டும். ஆனால் பிராசசருக்குள் படம் காட்டும் திறன் இருந்தால்தான் அதற்கும் அர்த்தம். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அந்தத் திறன் கிடையாது. ஏஎம்டி ரைசன் 5000 வரையிலான வரிசைகளில் டெஸ்க்டாப் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் ஜி இருந்தால்தான் உண்டு. அது இல்லாத பிராசசரில் மதர்போர்டு எச்டிஎம்ஐ ஓட்டை வெறும் அலங்காரம். ஓட்டை இருக்கிறதே என்று அதில் செருகி அரை நாள் போராடுபவர்கள் ஏராளம்.

கார்டுக்குத் தனி மின்சாரம் தேவைப்படலாம். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் மட்டும் தரும். அதற்கு மேல் தின்னும் கார்டின் விளிம்பில் 6 பின் அல்லது 8 பின் சாக்கெட் இருக்கும். 6 பின் 75 வாட், 8 பின் 150 வாட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சிபியுவுக்குள் மின்சாரம் தரும் பெட்டியிலிருந்து) வரும் கம்பியை அதில் செருக மறந்தால் விசிறி சுற்றும், படம் வராது.

நான்கு விதமான முனை

விஜிஏ 1987-ல் ஐபிஎம் கொண்டுவந்தது. நீல நிறம், மூன்று வரிசையில் 15 குழி, இரு பக்கமும் திருகு. இன்றும் சாகவில்லை. இது அனலாக், நிறங்கள் தனித்தனிக் கம்பியில் வரும். சிவப்புக் கம்பி விட்டுப்போனால் திரை முழுக்க நீலப்பச்சை, பச்சை விட்டால் ஊதா கலந்த சிவப்பு, நீலம் விட்டால் மஞ்சள். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் மேசையில் இப்படி மஞ்சள் ஏறினால், நிறத்தைத் திருத்த ஆரம்பிக்கும் முன் முனையின் திருகுகளை இறுக்குங்கள். முனையைத் திருப்பி எண்ணிப் பார்த்து 14 ஊசிதான் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். பல கேபிள்களில் 9-வது இடம் காலியாகவே வரும். வளைந்து படுத்த ஊசிதான் பிரச்சினை. மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தலாம், ஒருமுறைதான் தாங்கும்.

டிவிஐ வெள்ளை முனை. இதில் ஒரு சூட்சுமம்: தட்டையான பெரிய பின்னைச் சுற்றி நாலு சின்ன குழி இருந்தால் அது டிவிஐ-ஐ; விஜிஏவும் கலந்து வரும், சாதாரண மாற்று முனை போதும். அந்த நாலும் இல்லையென்றால் டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். அதில் விஜிஏ எடுக்கச் சாதாரண முனை உதவாது.

எச்டிஎம்ஐ எல்லோருக்கும் தெரியும். பூட்டு கிடையாது என்பதுதான் அதன் குறை. சிபியுவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால் முனை சாய்ந்து, பாதி பின் மட்டும் தொட்டு நிற்கும். பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள்.

டிஸ்பிளேபோர்ட் எச்டிஎம்ஐ மாதிரியே இருக்கும், ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். இதற்குப் பூட்டு உண்டு. முனையின் மேல் உள்ள பொத்தானை அழுத்தியபடியேதான் இழுக்க வேண்டும். அழுத்தாமல் பிடுங்கினால் ஓட்டையே பெயர்ந்து வரும். இதில் 20-வது பின் சம்பந்தமாக ஒரு வினோதக் கோளாறு உண்டு. அந்தப் பின் 3.3 வோல்ட் கொடுப்பதற்கானது. விதிப்படி கேபிளில் இரு முனையையும் அது இணைக்கக் கூடாது. மட்டமான கேபிளில் இணைத்திருப்பார்கள். அப்போது மானிட்டரின் மின்சாரம் கேபிள் வழியே கார்டுக்குள் ஏறும். சிபியுவை அணைத்த பின்னும் போர்டில் விளக்கு மினுங்குவது, முதல் அழுத்தலில் எழாமல் இரண்டாவது அழுத்தலில் எழுவது எல்லாம் இதன் அடையாளம். எஸ்எம்பிஎஸ் போச்சு என்று மாற்றும் முன் டிஸ்பிளேபோர்ட் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள்.

மாற்று முனைக்குத் திசை உண்டு

வடசென்னை அலுவலகங்களில் நிறைய இடத்தில் செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட அந்தச் சின்ன சிபியுக்களில் பெரும்பாலும் ஒரு விஜிஏவும் ஒன்றிரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. மானிட்டரிலோ எச்டிஎம்ஐயும் விஜிஏவும். அதனால் மாற்று கேபிள் தவிர்க்க முடியாதது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

‘டிஸ்பிளேபோர்ட் டு எச்டிஎம்ஐ’ கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் முனை சிபியுவில், எச்டிஎம்ஐ முனை மானிட்டரில். இதையே தலைகீழாக, சிபியுவின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்குச் செருகினால் முனை அழகாகப் பொருந்தும், படம் மட்டும் வராது. அந்தத் திசைக்குத் தனி மின்சாரம் வாங்கும் வேறு மாற்றி வேண்டும். கடையில் கேட்கும்போது ‘சிபியுவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்பிளேபோர்ட்’ என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள்.

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு வெறும் கம்பியால் போக முடியாது. ஒன்று டிஜிட்டல், மற்றது அனலாக். நடுவே மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும். உள்ளே சிப் இல்லாமல், இரண்டு முனையும் வெறும் கம்பியுமாக வரும் கேபிள்களும் விற்பனையில் இருக்கின்றன. அவை எந்த டெஸ்க்டாப்பிலும் வேலை செய்யாது. சிப் உள்ள மாற்றி 5 வோல்ட்டை எச்டிஎம்ஐயின் 18-வது பின்னிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பின்னில் 55 மில்லிஆம்பியர் தருவதுதான் விதியின் உத்தரவாதம். மாற்றி அதற்கு மேல் கேட்டால் சில நிமிடம் படம் வந்து, சூடாகி, இமைத்து, அணையும். பக்கவாட்டில் மைக்ரோ யுஎஸ்பி பவர் ஓட்டை உள்ள மாற்றியாகப் பார்த்து வாங்கி, மொபைல் சார்ஜரில் செருகிவிட்டால் பிரச்சினை தீரும்.

இரண்டாவது மானிட்டர் வர மாட்டேன் என்றால்

முதல் திரை நன்றாக இருக்கிறது, இரண்டாவது மட்டும் அடம் பிடிக்கிறது. இரண்டு மானிட்டரின் கேபிளையும் மானிட்டர் பக்கத்தில் மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகுங்கள். இருட்டு அடுத்த மானிட்டருக்கு நகர்ந்தால் பழுது கேபிளிலோ சிபியு ஓட்டையிலோ இருக்கிறது. அதே மானிட்டரிலேயே நின்றால் மானிட்டரின் இன்புட். நகர்ந்திருந்தால் இப்போது சிபியு பக்கத்தில் மாற்றுங்கள். கேபிளா ஓட்டையா என்று பிரிந்துவிடும். ஒரு ரூபாய் செலவில்லை.

மானிட்டரில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் வின்டோஸுக்குள் போகலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, ‘மல்டிபிள் டிஸ்பிளேஸ்’ பகுதியில் ‘டிடெக்ட்’ பொத்தான். அதற்கும் அசையவில்லையா? டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்பிளே அடாப்டர்ஸ்’ என்பதன் கீழ் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால் உண்மையான டிரைவர் இல்லை. அந்த நிலையில் ஒரு திரைதான் வரும். இன்டெல், ஏஎம்டி, என்விடியா என்று உங்கள் கார்டு யாருடையதோ அவர்கள் தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

ஒரு எச்டிஎம்ஐயை இரண்டாக்கும் ஸ்பிளிட்டர் வாங்கி இரண்டு தனித் திரை எதிர்பார்ப்பது அடிக்கடி நடக்கும் ஏமாற்றம். ஸ்பிளிட்டர் ஒரே படத்தை இரண்டு இடத்தில் காட்டும், அவ்வளவுதான். துணிக்கடையில் வாடிக்கையாளருக்குப் பில் தொகையைத் திருப்பிக் காட்ட அது நல்லது. இன்வாய்ஸையும் தளத்தையும் தனித்தனியாக வைக்க உதவாது. தனித் திரைக்குத் தனி ஓட்டை வேண்டும். ஓட்டையே இல்லாத சிபியுவுக்கு யுஎஸ்பி டு எச்டிஎம்ஐ அடாப்டர் ஒரு வழி. அதற்குரிய டிரைவர் போட்டால்தான் படம் வரும். பில்லிங், எக்ஸெல் வேலைக்குப் போதும், வீடியோ எடிட்டிங்குக்குச் சரிவராது.

ஓட்டை இருந்தாலும் எண்ணிக்கை வரம்பு உண்டு. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசரின் உள் கிராபிக்ஸ் இரண்டு திரையை மட்டும் ஓட்டும், பின்பக்கம் மூன்று ஓட்டை இருந்தாலும். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்துதான் மூன்று. மூன்றாவது மானிட்டர் வாங்கும் முன் பிராசசரின் தலைமுறையைப் பாருங்கள்.

டிஸ்பிளேபோர்ட்டில் இணைத்த மானிட்டரை அணைத்தால், திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் அடுத்த திரைக்கு ஓடிவிடும். இது பழுதில்லை. மானிட்டர் அணைந்ததும் கேபிளையே கழற்றிவிட்டதாக வின்டோஸ் நினைத்துக்கொள்கிறது. மானிட்டர் மெனுவில் ‘டீப் ஸ்லீப்’ இருந்தால் அணையுங்கள். வின்டோஸ் 11-ல் ‘மல்டிபிள் டிஸ்பிளேஸ்’ பகுதியிலேயே ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கச் சொல்லும் டிக் இருக்கிறது.

படம் வருகிறது, ஆனால் சரியில்லை

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்றால் மானிட்டர் தாங்காத அளவில் படம் போகிறது. ரெசல்யூஷனை மாற்றியதும் இப்படி வந்தால் எதையும் தொடாதீர்கள். 15 நொடியில் வின்டோஸ் தானாகப் பழைய அளவுக்குத் திரும்பும். திரும்பாமல் சிக்கிக்கொண்டால் வேறொரு மானிட்டரையோ டிவியையோ இணைத்து அளவைக் குறையுங்கள்.

எச்டிஎம்ஐயில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மின்னினால், அல்லது சில நொடிக்கு ஒருமுறை கறுத்துத் திரும்பினால், கேபிளால் அவ்வளவு தரவைச் சுமக்க முடியவில்லை. 1920×1080 படம் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை புதுப்பித்தால்) நொடிக்கு சுமார் 4.5 ஜிகாபிட் கேட்கும். 4கே 60 ஹெர்ட்ஸ் அதைப் போல நாலு மடங்கு, 18 ஜிகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. பத்து வருடப் பழைய கேபிள் முதலாவதைத் தாங்கும், இரண்டாவதில் தடுமாறும். செட்டிங்ஸின் ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’யில் ஹெர்ட்ஸைக் குறைத்துப் பாருங்கள். புள்ளிகள் மறைந்தால் கேபிள்தான் குற்றவாளி. 4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து நகர்ந்தால் அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 2009-ன் எச்டிஎம்ஐ 1.4 அதற்கு மேல் போகாது. 60 வேண்டுமென்றால் சிபியு, கேபிள், மானிட்டர் மூன்றுமே 2013-ல் வந்த 2.0-ஐத் தாங்க வேண்டும். மூன்றில் பழையது எதுவோ அதன் வேகம்தான் கிடைக்கும்.

டிவியை மானிட்டராக்கும்போது டாஸ்க்பார் திரைக்கு வெளியே போய்விட்டால் டிவி மெனுவில் பட அளவை ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பதற்கு மாற்றுங்கள். விஜிஏவில் படம் ஒரு பக்கம் தள்ளி நின்றால் மானிட்டரின் ‘ஆட்டோ’ பொத்தான் ஒருமுறை.

எந்தத் திரையிலும் எதுவுமே இல்லை

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது. இது கேபிள் விவகாரம் இல்லை, கம்ப்யூட்டரே எழவில்லை. இங்கே முதல் சந்தேகம் ராம் மீது. பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள், கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். ராமை எடுத்து, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, இரு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றொன்றாகப் போட்டுப் பாருங்கள். புதிய மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு (இங்கே பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நாலு சின்ன விளக்கு இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கே பழுது. அடுத்ததாக, பிளக் பிடுங்கிய நிலையில் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பயாஸ் ஆரம்ப நிலைக்குப் போகும். தேதி, நேரம் திரும்ப வைக்க வேண்டிவரும்.

உப்புக்காற்று, எர்த்து, தையல் மோட்டார்

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் முனைகள் சீக்கிரம் கறுக்கும், சிலதில் பச்சை பூக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கின்றன. கேபிளைக் கழற்றி மாட்டியதும் படம் வந்து, இரண்டு வாரத்தில் மறுபடி போகிறதென்றால் இதுதான். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அல்லது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முனையில் தொட்டு, நாலைந்து முறை செருகி எடுத்து, பத்து நிமிடம் காயவிட்டு ஆன் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய், பெட்ரோல் வைத்தியமெல்லாம் வேண்டாம். பயன்படுத்தாத ஓட்டைகளுக்கு ரப்பர் மூடி போடலாம்.

எர்த்து அதைவிட முக்கியம். சிபியுவின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்கிறதா, டெஸ்டர் வைத்தால் மினுங்குகிறதா? எர்த் இணைப்பு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெபாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது கேபினெட்டைச் சுமார் பாதி மின்னழுத்தத்துக்கு உயர்த்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவுதான், ஆளுக்கு ஆபத்து குறைவு, ஆனால் எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் போதும். ஒரு பக்கம் எர்த் இல்லாத சிபியு, மறுபக்கம் கேபிள் டிவி ஒயர் மாட்டிய டிவி; இரண்டையும் ஆனில் வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐயைச் செருகும் அந்தக் கணத்தில் தீப்பொறி தட்டி ஓட்டை எரிந்துபோகும். பட கேபிளைச் செருகும்போது இரண்டையும் பிளக்கிலிருந்தே பிடுங்கி வைப்பது நல்ல பழக்கம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் திணிக்கும் அடாப்டரை இன்றே தூக்கி எறியுங்கள். சிபியுவையும் மானிட்டரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் இரண்டின் எர்த்தும் ஒன்றாகும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தரைத்தளமென்றால் அந்த பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது.

குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திரை இமைத்தால் அந்த நேரத்தில் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். தையல் யூனிட்டின் மோட்டார், ஏசி கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார் ஆன் ஆகும்போது மின்கம்பியில் வரும் துள்ளல் மட்டமான கேபிளுக்குள் புகும். கம்ப்யூட்டரைத் தனி லைனில் எடுங்கள், நல்ல உறை உள்ள குட்டையான கேபிள் போடுங்கள். கேட்டால் சிரிப்பு வரும் இன்னொன்று: சுழல் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால்கூடச் சில மானிட்டர்கள் ஒரு நொடி கறுக்கும். நாற்காலியில் சேரும் நிலைமின்சாரம் செய்யும் வேலை அது.

கேபிள் வாங்கப் போகும் முன்

தேவையான நீளத்தை அளந்து, அரை மீட்டர் மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். மேசைக்கு ஒன்றரை மீட்டரே பெரும்பாலும் போதும். 4கே 60 என்றால் சாதாரண செம்புக் கேபிளில் 3 மீட்டரைத் தாண்டாதீர்கள். உறையில் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்றிருந்தால் 18 ஜிகாபிட், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ என்றால் 48. தங்க முலாம், பின்னல் உறை எல்லாம் அழகுக்கு. படத்தின் தரம் அதனால் கூடாது. சிபியுவின் முதுகையும் மானிட்டரின் அடிப்பக்கத்தையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதானால், “அண்ணே, டிஸ்பிளே வரல” என்று மட்டும் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது, கேப்ஸ் லாக் எரியுது, கேபிள மாத்திப் பாத்துட்டேன், கார்டு ஓட்டையில வரல, மதர்போர்டு ஓட்டையில வருது.” கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்.